அலர்

1973ஆம் ஆண்டு அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவெல் மூன்று கவிதை நூல்களை ஒருசேர வெளியிட்டார். அவற்றில் ஒன்று ‘தி டால்ஃபின்’. இருபது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த மனைவி எலிசபெத் ஹார்ட்விக்கைப் பிரிந்து, இங்கிலாந்தில் கரோலின் பிளாக்வுட்டோடு வாழத் தொடங்கியதுதான் அதன் பொருள். ஹார்ட்விக்கும் பெயர்பெற்ற கட்டுரையாளர். நியூயார்க்கில் மகளோடு தனித்து விடப்பட்ட நாட்களில் அவர் கணவருக்குக் கோபத்தோடும் ஆற்றாமையோடும் கடிதங்கள் எழுதினார். லோவெல் அவற்றிலிருந்து வரிகளை எடுத்தார். சிலவற்றைச் சுருக்கினார், சிலவற்றை மாற்றினார், தம் சொற்களையும் கலந்தார். எல்லாவற்றையும் ஹார்ட்விக்கின் வாய்மொழியாகவே பதினான்கு வரிக் கவிதைகளுக்குள் வைத்தார். அனுமதி கேட்கவில்லை. மகள் ஹாரியட்டின் பெயரையும் மறைக்கவில்லை; அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 16. விமர்சகர்கள் சிலர் தாயையும் மகளையும் கதைமாந்தரைப் போல எடைபோட்டு எழுதினார்கள். மறு ஆண்டு அந்த நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அச்சுக்குப் போகும் முன்பே இதைத் தடுக்க முயன்றவர் லோவெல்லின் நெருங்கிய தோழியான கவிஞர் எலிசபெத் பிஷப். கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு 1972இல் அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கவிதைகள் உயர்ந்தவை என்பதை அவர் மறுக்கவே இல்லை. நம்பி எழுதப்பட்ட கடிதத்தை மாற்றி வெளியிடுவது நம்பிக்கைத் துரோகம் என்பதே அவர் வாதம். உண்மையும் கற்பனையும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று வாசகருக்குத் தெரியாமல் எழுதுவதைத் தாமஸ் ஹார்டி முன்பு கண்டித்திருந்தார். அதையும் பிஷப் எடுத்துக்காட்டினார். லோவெல் வரிசையை மாற்றினார், சில இடங்களைத் தணித்தார், பிறகு வெளியிட்டுவிட்டார். பிஷப்பின் வாதத்தில் அசைக்க முடியாத பகுதி இந்தக் கலப்பைப் பற்றியதுதான். முழுப் பொய் என்றால் மறுத்துவிடலாம். முழு உண்மை என்றால் வலித்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். பாதி தன் சொல்லும் பாதி பிறர் சொல்லுமாகத் தன் பெயரில் ஒரு பேச்சு அச்சேறிவிட்டால் எந்தச் சொல்லை ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது? மறுக்கப் போனால், மறுக்காமல் விட்டதெல்லாம் உண்மையென்று ஆகிவிடும்.

எழுதுகிற எவரும் தப்ப முடியாத கேள்வி இது. தனியாக வாழ்ந்தவர் யாருமில்லை. தன் வாழ்வை எழுதத் தொடங்கினால் அடுத்த வரியிலேயே தாய் வந்துவிடுகிறார், நண்பர் வந்துவிடுகிறார், கைவிட்டவரும் கைவிடப்பட்டவரும் வந்துவிடுகிறார்கள். அவர்களை எழுதக் கூடாது என்றால் இலக்கியமே இல்லை. எழுதலாம் என்றால் எந்த அளவுக்கு? பிறர் வாழ்வை எழுத எவருக்கும் உரிமை உண்டு. இன்னார்தான் என்று ஊர் கைகாட்டும்படி எழுதுவதற்கோ தனியாக ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைக் காட்டும் பொறுப்பு எழுதுபவருடையது. படைப்பு சிறப்பாக வந்திருக்கிறது என்பது அந்தக் காரணமாகாது.

தமிழ் மரபு இதை மிகப் பழங்காலத்திலேயே ஒரு விதியாக வகுத்துக்கொண்டது. மக்களின் காதலைப் பாடும் ஐந்திணையில் குறிப்பிட்ட ஒருவர் பெயரைச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியம் அகத்திணையியலின் நூற்பா. பெயர் வரலாம், ஆனால் அது புறத்துக்குரியது. இந்த விதியை உரையாசிரியர்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு நெடுநல்வாடை சான்று. கூதிர்க்கால நள்ளிரவு, அரண்மனைக் கட்டிலில் அரசி தனித்து வருந்துகிறாள். பாசறையில் அரசன் உறங்காமல், வாடைக் காற்றோடு வரும் தூறலில், புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான். முன்னே செல்பவன் கையிலுள்ள வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. 188 அடிகளில் அரசன் பெயர் எங்கும் இல்லை. ஆனால் வேம்பு பாண்டியர் அடையாளப் பூ. அந்த ஒரு தழையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று சொல்லி, நச்சினார்க்கினியர் பாட்டையே அகத்திலிருந்து எடுத்துப் புறத்தில் வைத்தார். புறநானூற்றில் நக்கண்ணையாரின் காதல் பாடல்கள் மூன்று இருப்பதற்கும் இதுவே காரணம். அவை சோழன் பெருநற்கிள்ளி என்ற குறிப்பிட்ட ஒருவனை நோக்கியவை. இன்றைய எழுத்தாளர் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ஊர், தொழில், தெரு, கண்ணாடி அணியும் விதம் வரை அப்படியே விட்டுவைத்து, ‘கற்பனைப் பாத்திரங்கள்’ என்று முன்பக்கத்தில் போட்டுக்கொள்வதை அந்த உரையாசிரியர் ஒப்பியிருக்க மாட்டார்.

தொல்காப்பியர் இதற்கு அறக் காரணம் எதையும் சொல்லவில்லை. காதல் எல்லோருக்கும் பொதுவான உணர்வு, பெயர் வந்தால் அது ஒருவர் கதையாகச் சுருங்கிவிடும் என்ற கலைக் காரணமே போதும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் கவிஞர்கள் வேறொன்றையும் நன்றாக அறிந்திருந்தார்கள். அகப்பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் துயரம் அலர். தெருவில் பெண்கள் கூடி ஒருத்தியின் காதலைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுவதும், அது தாயின் காதுக்குப் போவதும், அவள் வீட்டுக்குள் அடைக்கப்படுவதும் அவர்கள் பாடிய பொருள்கள். அலரால் ஒருத்தி படும் பாட்டை அத்தனை நுட்பமாகப் பாடியவர்கள், தங்கள் பாட்டு இன்னொரு அலராக ஆகிவிடாத ஏற்பாட்டுக்குள் நின்றுதான் பாடினார்கள். அதனால் அந்தப் பாடல்கள் உயிரற்றுப் போகவில்லை. பெயர் சொன்னால்தான் உண்மை வரும், ரத்தமும் சதையுமாக வரும் என்று வாதிடுகிறவர்களுக்குக் குறுந்தொகையைவிட நல்ல மறுமொழி கிடையாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் மிகப் பழையது, பெரிய கலை எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடும் என்பது. நூறு ஆண்டு கழித்து ஹார்ட்விக்கின் மன வருத்தம் யாருக்கு நினைவிருக்கும், கவிதை நிற்குமே என்பார்கள். இதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. விலை கொடுத்தவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர். வருங்கால வாசகரின் இன்பத்தை எடுத்து நிகழ்காலத்து மனைவியின் கடனை அடைக்க முடியாது. அவர் அந்த விற்பனைக்கு ஒப்பவே இல்லை. மேலும், எது பெரிய கலை என்று எழுதும்போதே தீர்ப்புச் சொல்வது யார்? தன் எழுத்து அந்தத் தகுதியுடையது என்று நம்பாத எழுத்தாளர் அரிது. அந்த நம்பிக்கையே அனுமதிச் சீட்டாகிவிடும் என்றால், இந்த விதிவிலக்கு உலகிலுள்ள எல்லோருக்கும் கிடைத்துவிடும்.

என் வாழ்வு எனக்குச் சொந்தம், அதில் நீ இருந்தாய், ஆகவே உன்னை எழுதுவேன் என்பது இதைவிட வலுவான வாதம். இதில் நியாயம் உண்டு. பிரிவு லோவெல்லுக்கும் நேர்ந்ததுதான். தன் குற்ற உணர்வை, தன் மயக்கத்தை, தன் கோழைத்தனத்தை அவர் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஆனால் ஹார்ட்விக்கின் கடிதம் லோவெல்லின் அனுபவமல்ல. அது ஹார்ட்விக்கின் எழுத்து. அதைப் படித்தபோது தனக்கு என்ன ஆயிற்று என்பது மட்டுமே அவருடையது. இந்த எல்லைக்குள் நின்றும் எழுத முடியும் என்பதைக் காட்டியவர் ஹார்ட்விக்கேதான். 1979இல் அவர் ‘ஸ்லீப்லெஸ் நைட்ஸ்’ என்ற நாவலை வெளியிட்டார். கதை சொல்பவளின் பெயர் எலிசபெத். அவர் வாழ்ந்த ஊர்கள், வாடகை அறைகள், பார்த்த மனிதர்கள் எல்லாம் அதில் உண்டு. கணவர் மட்டும் ஏறக்குறைய இல்லை. அப்போது லோவெல் இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பதில் சொல்ல எல்லா நியாயமும் இருந்தவர், பழி தீர்க்கும் புத்தகம் எழுதாமல், இன்றும் படிக்கப்படும் ஒரு நாவலை எழுதினார். விட்டுவிடுவதாலும் ஒரு படைப்புக்கு வடிவம் கிடைக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மூன்றாவது மறுப்பு மற்ற இரண்டையும்விடக் கனமானது. அடங்கியிரு, வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே, ஊர் மானத்தை வாங்காதே என்று காலமெல்லாம் வாயை அடைத்தவர்கள் யார்? அடித்தவர்கள்தாம் அடிபட்டவரிடம் பெயர் சொல்லாதே என்கிறார்கள். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது, தான் பிறந்த ஊரையும் தான் சேர்ந்திருந்த கன்னியர் மடத்தையும் எழுதியதற்காக அவர் சொந்த ஊர்க்காரர்களின் கோபத்தையே சந்திக்க வேண்டியிருந்தது. ‘பெயர் சுட்டாதே’ என்ற விதியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அது அநீதிக்குக் காவல் நிற்கும். ஆனால் பழைய மரபே இதற்கும் இடம் வைத்திருக்கிறது: அகத்துக்குத்தான் தடை, புறத்துக்கு இல்லை. அதிகாரம், வன்முறை, சாதி, பொதுப்பணி ஆகியவை புறம். அங்கே பெயர் சொல்வதே கடமை. கிளாஸ் மான் 1936இல் நாடு கடந்து வாழ்ந்தபோது எழுதிய ‘மெஃபிஸ்டோ’, நாஜி ஆட்சியில் உயர்ந்த நடிகர் குஸ்டாஃப் குரூண்ட்கென்ஸை அடையாளம் காட்டுகிறது. நடிகர் இறந்த பிறகு அவருடைய வளர்ப்பு மகன் தொடுத்த வழக்கில் நாவலுக்குத் தடை கிடைத்தது. 1971இல் ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றத்தின் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் தடை நீடித்தது. அது தவறான முடிவு. கொடுங்கோலரின் தயவில் பதவி பெற்றவர் தன் பொதுவாழ்வை மறைத்துக்கொள்ள உரிமை கோர முடியாது. அடிப்பது வீட்டுக்குள் நடந்தாலும் அது அடிதான். கதவு சாத்தியிருப்பதால் அது அகமாகிவிடாது.

அதே நீதிமன்றம் 2007இல் மாக்ஸிம் பில்லரின் ‘எஸ்ரா’ நாவல் வழக்கில் இன்னும் நுட்பமான அளவுகோலைக் கண்டது. பெயர் மாற்றப்பட்டிருந்தும் எளிதில் அடையாளம் தெரிந்த முன்னாள் காதலியின் அந்தரங்கம் அதில் எழுதப்பட்டிருந்தது. ஒரு பாத்திரம் உண்மை மனிதரோடு எவ்வளவு ஒத்திருக்கிறதோ, எழுதப்படுவது எவ்வளவு அந்தரங்கமானதோ, அவ்வளவுக்குப் புனைவு விலகி நிற்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தப் பெண்ணின் பொருட்டுத் தடை நிலைத்தது. நாவலைச் சட்டம் தடுப்பது ஆபத்தானது. தடை கேட்பவர் அடுத்த முறை பணமும் செல்வாக்கும் உள்ளவராகவும் இருக்கலாம். அளவுகோல் மட்டும் சரியானது. அது நீதிபதியின் மேசையில் இருப்பதைவிட எழுதுபவரின் மேசையில் இருப்பதே நல்லது.

குழந்தைகள் விஷயத்தில் இந்த அளவுகோலும் போதாது. ஏ.ஏ. மில்ன் 1920களில் எழுதிய ‘வின்னி தி பூ’ கதைகளில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, முழுக்க அன்பு. மகன் கிறிஸ்டோபர் ராபினின் பெயரும் அவன் பொம்மைகளும் அப்படியே அதில் வந்தன. பள்ளியில் மற்ற மாணவர்கள் அந்தப் பெயரை வைத்தே அவனைக் கேலி செய்தார்கள். தந்தையின் புகழ் தன்னிடம் விட்டுச்சென்ற கசப்பை அவரால் 1974இல்தான், தந்தை இறந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், ‘தி என்சான்டட் பிளேசஸ்’ என்ற நூலில் எழுத முடிந்தது. அவருக்கு எழுத வந்தது, பதிப்பாளரும் கிடைத்தார். பெற்றோரின் தொடர்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் தங்கள் நோய், தோல்வி, முதல் காதல் எல்லாம் அச்சாகும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. ஒரு குழந்தையைப் பெயரோடு எழுத விரும்பும் தாயோ தந்தையோ, அந்தக் குழந்தை வளர்ந்து, கையெழுத்துப் பிரதியைப் படித்து, வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் வயது வரும்வரை அதை வெளியிடாமல் வைத்திருப்பதே நியாயம். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பக்கங்களை எடுத்துவிட வேண்டும், நூலின் மிகச் சிறந்த பக்கங்கள் அவையாகவே இருந்தாலும்.