கொல்லப்பட்டவளுக்குரிய இடம்

தொஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) துப்பறியுங் கதையன்று. கொலைஞன் யாரென்பது முதற் பாகத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிடுகின்றது. (விசாரணையாளரான பொர்பீரியின் சாமர்த்தியத்தை வியப்போர் பலர், எமக்கு அது அத்துணை முக்கியமாகப் படவில்லை.) எம்மை ஈர்ப்பது வேறொரு வினா: குற்றத்தை ஒப்புக்கொள்ளுதலும் அதற்காக மனம் வருந்துதலும் ஒன்றா?

ரஸ்கோல்நிக்கவ் படிப்பை இடைநிறுத்திய சட்ட மாணவன். அடகு பிடிக்குங் கிழவியொருத்தியின் உயிரால் எவருக்கும் பயனில்லை, அவளது பணத்தாற் பலர் வாழலாம் என்னுங் கணக்கு அவனுக்குச் சரியாகவே தோன்றுகின்றது. அவளைக் கோடரியாற் கொன்றபின், எதிர்பாராது அங்கு வந்த அவளது தங்கை லிசவேத்தாவையுங் கொல்கின்றான். கவர்ந்த பணத்தையோ எண்ணிப் பாராமலே ஒரு கல்லின்கீழ் ஒளித்துவிடுகின்றான். பலர் வாழவேண்டுமென்ற வாதத்தின் பெறுமதி அவ்வளவுதான்.

இரகசியம் அவனைத் தனியனாக்குகின்றது. ஊரிலிருந்து வந்த தாயையும் தங்கையையும் தழுவுதற்குங்கூட அவனுக்குக் கை எழவில்லை. ஈற்றில், சோனியாவின் சொற்படி சந்தைவெளியில் மண்ணை முத்தமிட்டு, பொலிசாரிடங் குற்றத்தை ஒப்புக்கொள்கின்றான். எட்டாண்டு கடூழியச் சிறை கிடைக்கின்றது. ஆயினும், சைபீரியாவிலும் அவன் வருந்துகின்றானில்லை; கொன்றது பிழையெனக் கருதாது, தாங்கமாட்டாது சரணடைந்ததையே தன் பிழையெனக் கருதுகின்றான். தனிமையைத் தாங்காமையும் ஒருவனைப் பொலிஸ் நிலையம்வரை கொண்டு செல்லக்கூடும் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை.

சோனியாவின் அன்பே அவனை மீட்கின்றது என்பது வழமையான விளக்கம். அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் லிசவேத்தா? அவளைப்பற்றித் தான் நினைப்பதேயில்லையே என ஓரிடத்தில் அவனே வியக்கின்றான். கிழவியின் கொலைக்கு ஒரு தத்துவமுண்டு. அத்தத்துவம் பொய்த்ததென்று கலங்கவும் முடியும். இவளது கொலைக்கு எத்தத்துவமுமில்லை. ஆகவே நினைப்பதற்கும் வழியில்லை. மன்னிக்கும் உரித்துடையவளும் அவளே, அவளோ உயிருடனில்லை. அவளுடன் சிலுவை மாற்றிக்கொண்ட தோழியேயாயினும், சோனியா அவ்வுரித்தைக் கையேற்க முடியுமா? முடியாதென்றே எண்ணுகின்றோம். சோனியா அவனுடன் துன்புறலாம். லிசவேத்தாவின் பெயரால் அவனை விடுவிக்கவியலாது.

நாவலின் இறுதியில் அவனது தலையணையின்கீழ்ப் புதிய ஏற்பாட்டுப் பிரதியொன்று இருக்கின்றது. முன்பு சோனியா லாசருவின் கதையை அவனுக்கு வாசித்துக் காட்டிய அதே பிரதி. அவளுக்கு அதனைக் கொண்டுவந்து கொடுத்தவள் லிசவேத்தா. ஆசிரியர் அதனை அவ்விடத்தில் நினைவூட்டவில்லை. ரஸ்கோல்நிக்கவும் நூலை இன்னுந் திறக்கவில்லை.