கைப்பேசி பைக்குள் இருந்த காலை

ஆஸ்திரேலியாவில், உலுரு பாறையின் அருகே கலாசார மையம். உள்ளே படம் எடுக்க வேண்டாம் என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது. கைப்பேசியைப் பையில் போட்டேன். அதற்குப் பிறகும் மூன்று தடவை கை தானாகப் பையைத் தேடிப் போனது.

மண்கல் சுவர்கள், வெயிலில் காய வைத்தவை. எங்கும் நேர்க்கோடு இல்லை. இரண்டு கட்டடங்களும் இரண்டு பாம்புகளைக் குறிக்கின்றன: குனியா மலைப்பாம்பு, லிரு விஷப்பாம்பு. அவை போட்ட சண்டையின் வடுக்கள் பாறையில் இருக்கின்றன. கதை என்று நாம் சொல்லிவிடுகிறோம். இந்த நிலத்துப் பழங்குடிகளான அனங்கு மக்கள் சொல்வது ஜுகுர்ப்பா. சட்டம், நிலம், முன்னோர், நடத்தை எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள். சிறுபிள்ளைகளுக்குச் சொல்லும் அளவுதான் வருகிறவர்களுக்கும் சொல்வார்களாம். முதலில் கூசியது. பிறகு, எல்லாம் தெரிந்தாக வேண்டும் என்ற பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

வெளியே மணலில் ஒரு பெண்மணி. மடியில் முல்கா மரத்தில் செதுக்கிய உடும்பு. பக்கத்தில் சின்ன நெருப்பு, அதில் செருகிய கம்பிகள். சிவந்த கம்பியை எடுத்து மரத்தில் வைக்கிறார். ‘உஸ்’ என்று ஒரு சத்தம், நூல் போலப் புகை, கறுப்புக் கோடு. கம்பி ஆறினால் மறுபடி நெருப்புக்கு, அடுத்தது கைக்கு. இதில் அழிக்க வழியில்லை. ஒரு கோடு கொஞ்சம் விலகிப் போனது. அவர் நிறுத்தவில்லை, அடுத்த கோட்டையும் அதன் கூடவே சாய்த்து இழுத்தார். வெகுநேரம் நின்றேன். என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, அதுவும் பிடித்திருந்தது.

மன்னிப்புப் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது. இங்கிருந்து கல் எடுத்துப் போனவர்கள் மனம் உறுத்தி, அதைத் தபாலில் திருப்பி அனுப்பியபோது எழுதிய கடிதங்கள் அதில். சிலர் கெட்ட காலம் தொடங்கிவிட்டது என்று பயந்து எழுதியிருக்கிறார்கள். கல் வந்தாலும் எந்த இடத்துக் கல் என்று தெரிவதில்லை. திரும்ப வைக்க முடியாமல் இங்குள்ளவர்கள் தவிக்கிறார்கள்.

1985 அக்டோபர் 26 அன்று நிலம் அனங்குகளிடம் திரும்பியது. பாறையில் ஏறுவது நின்றது 2019 அக்டோபர் 26 அன்று. இடையே 34 வருஷம், ஏறாதீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கால்கள் தேய்த்த வெளிறிய தடம் பாறையில் இன்னும் தெரிகிறது.

காரில் ஏறுமுன் செருப்பைத் தட்டினேன். பேன்ட் மடிப்பைப் பார்க்கவில்லை. விடுதியில் அவிழ்த்தபோது குளியலறைத் தரையில் ஒரு சிட்டிகைச் செம்மண்.