இல்லாத நோயும் ஓயாத வஸ்வாஸும்



பள்ளிவாசல் ஹவுளில் சிலரை நாம் பார்த்திருப்போம். இகாமத் சொல்லியாகிவிடும். ஜமாஅத் முதல் ரக்அத்தை முடித்துவிடும். அவரோ இன்னும் முழங்கையைக் கழுவிக்கொண்டே இருப்பார். மூன்று முறை கழுவியது அவருக்கே தெரியும். ஆனாலும், "நனைந்ததோ, இல்லையோ?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். மறுபடியும் கழுவுவார், மறுபடியும் கேட்கும். இதைத்தான் நம் பெரியவர்கள் வஸ்வாஸ் என்றார்கள்.

இந்த வஸ்வாஸ் ஒளுவில் மட்டும் வருவதன்று. நோயின் பெயராலும் வரும். அதிலும், வெளியே சொல்லக் கூசும் நோயின் பெயரால் வந்துவிட்டால் மனிதரை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். குடும்பத்தோடு படிக்கும் ஏட்டில் இதை எழுதலாமா என்று தயங்குவோர் உண்டு. மார்க்கத்தைக் கேட்டறிய வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்திருப்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் என்று நம் மாவட்டத்து ஊர்களில், பிள்ளைகள் அரபு நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன வீடுகள் ஏராளம். வாலிபமும் தனிமையும் சேர்ந்த இடத்தில் ஒருவர் கால் தவறிவிடலாம். வேறொருவர் எந்தத் தவறும் செய்யாமலே, "சலூன் கத்தி கீறியதே, எங்கோ ஊசி போட்டார்களே" என்று அஞ்சலாம். இரத்தம் சோதித்தாயிற்று, நோய் இல்லை என்று சீட்டும் வந்தாயிற்று. ஆனால் அச்சம் போவதில்லை. "சீட்டு மாறியிருந்தால்? லேபில் தவறு நடந்திருந்தால்?" புதுக்கோட்டையில் ஒரு முறை, திருச்சியில் ஒரு முறை, தஞ்சாவூரில் ஒரு முறை என்று ஓடுகிறார். கழுத்தில் நெறிகட்டியிருக்கிறதா என்று நாள் முழுதும் அழுத்திப் பார்க்கிறார். அழுத்திய இடம் வலிக்கிறது. வலிப்பதால் நோய்தான் என்கிறார். உறக்கம் இல்லை, உணவு இறங்கவில்லை, உடம்பு மெலிகிறது. மெலிவதையும் நோயின் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அவரை மெலியச் செய்வது அச்சமே.

முதலில் மருத்துவ விவரத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம். எய்ட்ஸ் நோயின் கிருமி நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ல், சென்னையில்தான். அக்காலத்தில் இருந்த இருட்டு இன்று இல்லை. கிருமி உடலில் புகுந்திருந்தால், இப்போதைய இரத்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் ஆறு வாரத்திலேயே காட்டிவிடும். சந்தேகத்துக்குரிய நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்த பின்பும் இல்லை என்று வந்தால், இல்லை என்பதே பொருள். கிரந்தி நோய்க்கும் மூன்று மாதக் கணக்கே போதும். அதன்பின் புதிதாக ஏதும் நேர்ந்தாலொழிய மறுசோதனைக்கு வேலையில்லை. அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம். சோதித்தவரின் விவரத்தைப் பிறருக்கு வெளியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஒருவேளை நோய் இருந்தாலும் அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை. 2004 முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது, முறையாக உட்கொள்வோர் நெடுங்காலம் வாழ்கிறார்கள்.

இனி மார்க்கம் சொல்வதைப் பார்ப்போம். தொழுகையில் நிற்கும்போது ஒளு முறிந்ததோ என்று ஒருவருக்கு ஐயம் வந்தால், சத்தத்தைக் கேட்கும் வரை அல்லது வாடையை உணரும் வரை தொழுகையை விட்டுப் போக வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உறுதியாகத் தெரிந்ததை வெறும் சந்தேகம் நீக்கிவிடாது என்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் கிதாபுகளிலும் உள்ள சட்டம். ஹிஜ்ரி 974ல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அல்ஹைத்தமீ (ரஹ்) அவர்களிடம் வஸ்வாஸுக்கு மருந்து கேட்கப்பட்டபோது, அதை அறவே பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதே மருந்து என்றார்கள். பொருட்படுத்தாதவருக்கு அது சில நாளில் அடங்கும். செவி சாய்த்தவருக்கோ வளர்ந்துகொண்டே போகும்.

மருத்துவர் தந்த சீட்டு உறுதி. உள்ளே கேட்கும் குரல் சந்தேகம். எதை எடுத்து எதை விடுவது என்பதில் நமக்குக் குழப்பம் ஏது? ஒவ்வொரு மறுசோதனையும் இரண்டு நாள் நிம்மதியைத் தந்துவிட்டு மூன்றாம் நாள் புதுக் கேள்வியோடு வருகிறது. முழங்கையை நான்காம் முறை கழுவியது போலத்தான் அதுவும். ஆகவே, உரிய காலத்தில் சோதித்தபின், சீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். குரல் கேட்டால் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடிவிட்டு, கையிலிருக்கும் வேலையைத் தொடருங்கள். அதோடு வாதாடாதீர்கள். கழுத்தைத் தடவாதீர்கள், நாக்கைக் கண்ணாடியில் பார்க்காதீர்கள். முதல் சில நாள் பதைப்பு கூடும்; பொறுத்தால் மெல்ல மங்கும். கி.பி. 934ல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் மன நலத்தையும் பற்றி எழுதிய நூலில் கோபம், அச்சம், துயரம் இவற்றோடு வஸ்வாஸையும் மனத்தின் பிணிகளில் ஒன்றாக வைத்துப் பேசுகிறார். அந்தப் பிணி உள்ளவர் தனிமையில் கிடக்கலாகாது என்றும் சொல்கிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தவறு செய்துவிட்டவரின் அச்சத்துக்கு அடியில் பெரும்பாலும் குற்ற உணர்வு கிடக்கிறது. "இத்தனை பெரிய பாவத்துக்கு நோய் வராமலா போகும்?" என்று அவர் மனம் கேட்கிறது. சகோதரரே! இரத்தச் சீட்டு இரத்தத்தைப் பற்றித்தான் சொல்லும். பாவம் மன்னிக்கப்பட்டதா என்று எந்த லேபும் சொல்லாது. அதற்கு வாசல் வேறு. பாவத்தை விடுதல், மனம் வருந்துதல், இனிச் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல், இதுவே தவ்பா. இரண்டு ரக்அத் தொழுது அழுது கேளுங்கள். தன் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று வரம்பு மீறிய அடியார்களையே அழைத்துச் சொன்னவன் அவன். அவன் மறைத்துவிட்ட பாவத்தை ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடம் சிகிச்சைக்காகச் சொல்வது அதில் சேராது.

அச்சத்தால் மனைவியை விட்டு விலகிப் படுப்போரும் உண்டு. பரிசோதனை முடிந்து மருத்துவர் தடையில்லை என்ற பின்பும் விலகுவது அவள் ஹக்கைப் பறிப்பதாகும். காரணம் அறியாத அவள், தன்மீது வெறுப்பு வந்ததோ என்று தனியே அழுவாள். இல்லாத நோய்க்காக, இருக்கிற குடும்பத்தைச் சிதைக்கலாமா?

இத்தனையும் செய்து பார்த்த பின்பும் வாரக்கணக்கில் அச்சம் விடவில்லையென்றால், அது ஈமானின் குறைவு அன்று. மருந்துள்ள ஒரு பிணி. அல்லாஹ் இறக்கிய ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று மனநல மருத்துவரைப் பாருங்கள். வீட்டிலிருந்தே பேச, 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். வீட்டார் கேலி செய்யவோ, தோண்டித் துருவவோ வேண்டாம். "வாழப் பிடிக்கவில்லை" என்று அவர் சொன்னால் ஒரு பொழுதும் தனியே விடாதீர்கள். உடனே அழைத்துச் செல்லுங்கள்.

உடலுக்குச் சுகத்தையும், உள்ளத்துக்கு அமைதியையும், பாவங்களுக்கு மன்னிப்பையும் நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.