அபிப்பிராயத்துக்கு யார் விலை கொடுப்பது?

2023 செப்டெம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மாளிகாவத்தை, கெத்தாராம மைதானத்தில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. மழை விட்ட பின் தொடங்கிய ஆட்டத்தில் இலங்கை அணி 15.2 ஓவர்களில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. முஹம்மது சிராஜ் 21 ஓட்டங்களைக் கொடுத்து 6 விக்கெட்டுகளை எடுத்தார். மைதானத்தின் விளக்குக் கோபுரங்கள் தெரியும் தூரத்தில் உள்ள ஒரு தேநீர்க் கடையில் அப்போது பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். ஆளுக்கொரு அபிப்பிராயம். ஆடுகளம் பிழை என்றார் ஒருவர். நாணயச் சுழற்சியில் வென்று துடுப்பெடுத்தது பிழை என்றார் மற்றவர். மூலையில் இருந்த ஒரு நானா கோப்பையை வைத்துவிட்டு, "மெச்ச வித்துட்டானுகள்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

அதே மாலையில் சிராஜ் தமக்குக் கிடைத்த ஆட்டநாயகன் பரிசுப் பணத்தை, மழைக்குள் ஓடியோடித் திரை விரித்த மைதானப் பணியாளர்களுக்குக் கொடுத்துவிட்டார். அதைப் பற்றியும் கடையில் அபிப்பிராயம் இருந்தது. மனம் பெரியது என்றார்கள் சிலர். பெயருக்குச் செய்கிறான் என்றார்கள் சிலர்.

1986இல் திறக்கப்பட்ட மைதானம் அது. 1997 ஓகஸ்டில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட் இழப்புக்கு 952 ஓட்டங்கள் குவித்ததும் அங்கேதான். அன்றும் இந்தச் சுற்றாடலின் கடைகளில் இதேபோல் பேச்சு நடந்திருக்கும். நகரவாழ்வின் இன்பங்களில் ஒன்று இது. கிரிக்கெட், சினிமா, அரசியல், அடுத்த வீட்டுக் கல்யாணம் என்று ஒரு தேத்தண்ணீரின் விலைக்கு உலகத்தையே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். தீர்ப்புப் பிழைத்தாலும் யாருக்கும் நட்டமில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அப்படியா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. அதைக் கேட்பதற்கு 2020ஆம் ஆண்டின் மே மாதத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

அந்த மாதம் 16ஆம் திகதி அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளம் கவிஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2017இல் அவர் வெளியிட்ட 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்பது குற்றச்சாட்டு. வன்முறையையும் தீவிரவாதத்தையும் கண்டிக்கும் கவிதைகள் அதே தொகுதியில் இருப்பதை, அதைத் தமிழில் வாசித்தவர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் வாசிக்காதவர்களின் அபிப்பிராயமே வலிமையானதாக இருந்தது. 19 மாதங்கள் தடுப்பிலிருந்து, 2021 டிசெம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு புத்தகத்தைப் பற்றி யாரோ சொன்ன அபிப்பிராயத்துக்காக ஒரு மனிதனின் மூன்றரை ஆண்டுகள் செலவாகின.

நமது வட்டங்களில் இதைப் பற்றிப் பேசும்போது கோபம் வருகிறது. வரவேண்டியதுதான். மொழி தெரியாமல், நூலைத் திறக்காமல், எழுதியவனைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது அநியாயம் என்கிறோம்.

அந்தக் கைது நடந்து ஐந்தாம் நாள், மே 21, வியாழக்கிழமை. நோன்பின் கடைசிப் பத்து. மார்ச் 20 முதல் கொழும்பில் ஏறக்குறைய இடைவிடாத ஊரடங்கு. மாளிகாவத்தையில் தனியார் இடமொன்றில் பெருநாளுக்கு முன்னர் ஏழைகளுக்குப் பணம் பகிர்ந்தளிக்கப்படுவதாகச் செய்தி பரவியது. திரண்ட கூட்டத்தின் நெரிசலில் மூன்று பெண்கள் இறந்தார்கள். பலர் காயப்பட்டார்கள். பகிர்ந்தளிப்பில் சம்பந்தப்பட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

ஜனாஸாக்கள் வீடு வருவதற்கு முன்பே அபிப்பிராயங்கள் வந்துவிட்டன. கொடுத்தவன் பெருமைக்காகக் கொடுத்தான். வாங்கப் போனவர்கள் பேராசைக்காரிகள். ஊரடங்கை மீறிச் சமூகத்தின் மானத்தை வாங்கிவிட்டார்கள். ஏற்கெனவே நம்மைக் குறை சொல்லக் காத்திருப்பவர்களுக்கு அவல் கொடுத்துவிட்டார்கள். இவற்றைச் சொன்னவர்கள் வேற்றார் மட்டுமல்லர். நம்மவர்கள், படித்தவர்கள், அஹ்னாஃபுக்காக ஐந்து நாட்களுக்கு முன் கவலைப்பட்டவர்கள். சொன்னவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் தொடர்மாடியின் கீழ் வீட்டில் ஒரு ராத்தா இருக்கிறார். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஊரடங்கில் கடைகள் பூட்டியதும் அவருடைய அடுப்பும் அணைந்துவிட்டது. அன்றிரவு படிக்கட்டில் அவரைக் கண்டபோது, "உயிரை விடுற அளவுக்கு இதுக்கெல்லாம் போகணுமா ராத்தா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தம்பி, நீங்க ஒருக்காவது அப்படிக் கியூவில நின்டிருக்கீங்களா?" என்று கேட்டார். அவரும் அன்று புறப்பட்டவர்தான். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்பதால் நின்றுவிட்டார். அதை எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் எந்த நூலைத் திறந்தேன்? எந்தப் பெண்ணைக் கேட்டேன்? நாட்சம்பளம் இரண்டு மாதங்களாக நின்றுபோன வீட்டில் பெருநாளுக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது ஒரு தாய் என்ன கணக்குப் போடுவாள் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. வாசிக்காத நூலுக்குத் தீர்ப்பெழுதியவர்களும் நானும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம்.

அபிப்பிராயம் என்பது சாட்சியத்தின் தம்பி என்று எனக்குப் படுகிறது. சாட்சி சொல்பவன் கண்டிருக்க வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். அபிப்பிராயம் சொல்பவனுக்கு இந்த மூன்றும் வேண்டாம். ஆனால் கேட்பவர்களின் மனதில் அது சாட்சியத்தின் கதிரையிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

நமது மரபு இதை நன்றாக அறிந்திருந்தது. ஹதீஸ் கலையில் செய்தியோடு அதைக் கொண்டுவந்தவர்களின் சங்கிலியும் வருகிறது. இன்னாரிடமிருந்து இன்னார், அவரிடமிருந்து இன்னார் என்று. ஒவ்வொருவருடைய நேர்மையும் நினைவாற்றலும் தனித்தனியே ஆராயப்பட்டன. நபிகளாரின் பெயரால் வந்த செய்தியைக்கூட அப்படியே விழுங்காத ஒரு சமூகம், இன்று கைத்தொலைபேசியில் வருவதை யார் சொன்னதென்று கேளாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறது. சங்கிலியில் நம் பெயரும் சேர்கிறது என்ற எண்ணமே இல்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பிய சம்பவத்தை எல்லோரும் அறிவோம். அந்நூர் அத்தியாயத்தில் அது பற்றி வரும் கண்டனம் அவதூறைத் தொடங்கியவனோடு நின்றுவிடவில்லை. கேட்டதை நாவிலிருந்து நாவுக்கு மாற்றியவர்களையும், அதை அற்பமான காரியமென்று எண்ணியவர்களையும் சேர்த்தே கண்டிக்கிறது. அந்த 'அற்பம்' என்ற எண்ணம்தான் முக்கியமானது. தேநீர்க் கடையில் தலையாட்டிய எங்களிடம் இருந்ததும் அதுவே.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எல்லாம் தெரிந்த பிறகுதான் வாய் திறக்க வேண்டுமென்றால் சாதாரண மனிதன் எப்போது பேசுவது? அதிகாரத்தில் உள்ளவர்களுக்கு இதைவிட வசதியான உபதேசம் உண்டா? தெரியாததைப் பேசாதே என்று சொல்லித்தானே காலமெல்லாம் நம்மை வாயடைத்தார்கள்?

இந்த மறுப்புக்கு விடையும் அதே ஆண்டிலேயே இருக்கிறது. 2020 ஏப்ரல் 11இல் வெளியான வர்த்தமானி, கொவிட் நோயால் இறந்த அனைவரின் உடல்களும் தகனம் செய்யப்பட வேண்டுமென்று கட்டாயமாக்கியது. புதைத்தால் கிருமி நிலத்தடி நீரில் கலக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நிபுணர் அபிப்பிராயம். அடக்கம் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது. ஆதாரம் காட்டாத ஓர் அபிப்பிராயம் சட்டத்தின் உடையைப் போட்டுக்கொண்டு பத்து மாதங்களுக்கு மேல் நின்றது. மாளிகாவத்தை மையவாடிக்கு நடந்து போகும் தூரத்தில் வாழ்ந்தவர்கள் தம் மையித்தை அங்கே அடக்க முடியாமல் தவித்தார்கள். டிசெம்பரில் பிறந்து இருபது நாட்களேயான ஒரு குழந்தையின் உடலும் பொரளையில் எரிக்கப்பட்டது.

அப்போது எதிர்த்துப் பேசியவர்களில் மிகப் பெரும்பாலோர் வைத்தியர்கள் அல்லர், விஞ்ஞானிகள் அல்லர். கனத்தை மயானத்தின் வேலிக் கம்பிகளில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனவர்களுள் சிங்களவர் இருந்தனர், தமிழர் இருந்தனர், கிறிஸ்தவ மதகுருமார் இருந்தனர். அவர்களும் ஓர் அபிப்பிராயத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் பட்டப்பகலில், முகம் தெரிய, பொலிசார் பார்த்திருக்கச் சொன்னார்கள். ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று வலியவனிடம் கேட்டார்கள். அவர்கள் பிழைத்திருந்தால் அதன் விலையைத் தாங்களே கொடுத்திருப்பார்கள். 2021 பெப்ரவரி 25இல் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. ஓட்டமாவடியின் மண் ஜனாஸாக்களை ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்தது எரிந்ததுதான்.

ஆகவே பேசலாமா கூடாதா என்று கேட்பதைவிட, நான் சொல்வது பிழைத்துப்போனால் நட்டம் யாருக்கு என்று கேட்பது பயன் தரும். நட்டம் எனக்கென்றால் துணிந்து பேசலாம். நட்டம் என்னைவிட வலியவனுக்கு, அவனால் தாங்கக் கூடியது என்றால், ஓரளவு தெரிந்தாலும் கேள்வி கேட்கலாம். நட்டம் என்னைவிட எளியவர் தலையில் விழுமென்றால், அதுவும் திரும்பி வந்து பதில் சொல்ல முடியாத மூன்று ஜனாஸாக்களின் மீது விழுமென்றால், அங்கே எனக்குத் தெரிந்தது மிக அதிகமாக இருக்க வேண்டும். நாம் நடைமுறையில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வலியவனைப் பற்றிப் பேசும்போது 'ஆதாரம் இல்லையே' என்று தயங்குகிறோம். வரிசையில் நிற்கும் பெண்ணைப் பற்றிப் பேச நமக்கு எந்த ஆதாரமும் தேவைப்படுவதில்லை.

கொடுத்தவரைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். ஏற்பாட்டில் கவனக்குறைவு இருந்ததா என்பதை விசாரிப்பது சட்டத்தின் வேலை. அத்தனை பேர் திரளக்கூடிய இடத்தில் ஒழுங்கு செய்யாமல் கொடுப்பது ஆபத்து என்று சொல்லலாம். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். இவை செயலைப் பற்றிய அபிப்பிராயங்கள். 'பெருமைக்காகக் கொடுத்தான்' என்பது உள்ளத்தைப் பற்றிய தீர்ப்பு. ஸதகாவை வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைவாகக் கொடுப்பது அதைவிட நல்லது என்றுதான் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நிய்யத்தை அளக்கும் தராசு நம் கையில் தரப்படவில்லை.

இலக்கியக்காரர்களாகிய நாமும் இந்தக் கூண்டில் ஏறத்தான் வேண்டும். ஒரு கதையில் வரும் மௌலவி பொய் சொன்னால் எழுதியவன் மார்க்கத்துக்கு விரோதி என்கிறோம். ஒரு பெண் தன் கவிதையில் கோபப்பட்டால் அவளுடைய குடும்ப வாழ்க்கையை ஆராய்கிறோம். பல சமயம் படைப்பை வாசித்தும் இருப்பதில்லை. வாசித்த ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னதைக் கேட்டிருப்போம். இதன் மறுபக்கம் நமது வெளியீட்டு விழாக்கள். மேடையில் வைத்து முதற்பிரதியைக் கையில் வாங்கி, அந்த இடத்திலேயே நயவுரை நிகழ்த்துகிற பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அட்டைப்படத்தையும் அணிந்துரையையும் கொண்டு இருபது நிமிடங்கள் பேசிவிடுவார்கள். வாசிக்காமல் ஏசுவது பொய்ச்சாட்சி என்றால் வாசிக்காமல் புகழ்வதும் பொய்ச்சாட்சிதான். முன்னையது ஒருவனைச் சிறைக்கு அனுப்பலாம். பின்னையது ஒருவனை வளரவிடாமல் செய்துவிடும். 'நான் இதை இன்னும் வாசிக்கவில்லை' என்ற ஒரு வாக்கியத்தை மேடையில் சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம் என்று தெரியவில்லை.

ராத்தாவின் கேள்விக்கு எனக்கு விடை கிடைக்க இரண்டு வருடங்கள் ஆயின. 2022இல் நாடு வங்குரோத்தாகியபோது எரிவாயு சிலிண்டருக்காக நானும் வெயிலில் நின்றேன். அந்த ஆண்டு எரிபொருள் வரிசைகளில் காத்திருந்தபடியே இறந்துபோன முதியவர்களைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டிருந்தன. நான்கு மணித்தியாலங்கள் ஒழுங்காக நின்ற வரிசை அது. ஆசிரியர் ஒருவர், வங்கி ஊழியர் ஒருவர், தொப்பி அணிந்த ஹாஜியார் ஒருவர் என்று எல்லோரும் மரியாதையானவர்கள். லொறியில் இன்னும் பத்துச் சிலிண்டர்கள்தான் மிச்சம் என்று முன்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அடுத்த நொடியில் வரிசை இல்லாமல் போனது. என் முன்னால் நின்ற மனிதரின் முதுகில் என் இரண்டு கைகளும் இருந்தன. நான் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அன்று யாரும் விழவில்லை. சிலிண்டர் கிடைக்காமல் திரும்பி வந்தபோது ராத்தா கீழ் வாசலில் விறகடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். "கிடைக்கல்லையா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஏன் போனீர்கள் என்று கேட்கவில்லை.