நோயாளிக்கும் பந்தியில் இடம் உண்டு



குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்த சிலருக்கு, வயிற்றில் திறப்பு ஏற்படுத்தி மலம் சேர ஒரு பை பொருத்துகிறார்கள். அதை அடக்கிக்கொள்ள முடியாது. காற்று பிரிந்தால் சத்தமும் கேட்கலாம். லப்பைக்குடிகாட்டிலோ அரியலூரிலோ வலீமா என்றால் அவர் வரத் தயங்குவார்.

வெட்கம் ஈமானின் கிளைதான். ஆனால் அது பாவத்தைக் கண்டு வரவேண்டிய வெட்கம். நோய் பாவமா?

சூரத்துந் நூர் 61ஆம் வசனம், சேர்ந்து உண்பதைப் பற்றிப் பேசும் இடத்தில் பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகியோர் மீது குற்றமில்லை என்கிறது. மற்றவர்கள் அருவருப்பார்களே என்று அவர்கள் ஒதுங்கியிருந்தார்கள் என்பது விரிவுரையாளர்கள் சிலரின் விளக்கம்.

உளூ நிற்காதே என்ற கவலையும் அவருக்கு இருக்கும். இடைவிடாமல் வெளியேறினால் ஹனஃபி மத்ஹபில் அவர் மஃதூர். ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் ஓர் உளூ போதும். தொடர் உதிரப்போக்கு இருந்த ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி இதற்கு ஆதாரம்.

ஆக, மார்க்கம் அவரைத் தடுக்கவில்லை. தடுப்பது நம் வாய்தான். “ஏன் இளைச்சிட்டீங்க, வயித்துல என்ன?” என்று பத்துப் பேர் நடுவில் கேட்கிறோம்! பாத்ரூமுக்குப் பக்கமாக ஓர் இடம் பிடித்து வையுங்கள். பாதியில் எழுந்து போனால் எங்கே என்று கேட்காதீர்கள்.