கூடம் கோணல் இல்லை, எழுந்து ஆடு!

"நல்ல கேமரா மட்டும் இருந்தால் நானும் எடுப்பேன்!" இதைச் சொல்லியே எத்தனை வருடத்தை ஓட்டிவிட்டாய்? பத்து லட்சத்துக்கு மேல் விலை போகும் 600 மி.மீ. லென்ஸை யூடியூபில் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாய். அது கைக்கு வந்தால் மீன்கொத்தியை எடுப்பாயாம், புலியையே எடுப்பாயாம். வந்ததாகவே வைத்துக்கொள்வோம். 3 கிலோவைத் தாண்டும் அந்தக் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் வீட்டைவிட்டுக் கிளம்ப மனம் வருமா உனக்கு? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன் கூடம் நேராகத்தான் இருக்கிறது. எழுந்திருக்காதவை உன் கால்கள்!

கல்கத்தாவில், கரியாஹாட் பக்கம் குடியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். ஏனென்றால் இந்த ஊர்ப் பத்திரிகையில்தான் ஒரு தமிழன் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக விலங்குகளையும் பறவைகளையும் பற்றி எழுதிக் குவித்தான். மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912ல் பிறந்தவர். 1950ல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மனில் பத்தி எழுதத் தொடங்கியவர், 1996 பிப்ரவரி 18ஆம் தேதி கண்மூடும்வரை நிறுத்தவில்லை. 46 வருடம்!

காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அந்த மனிதரிடம் இருந்த கேமரா எது தெரியுமா? கிடைத்த பாகங்களைத் தானே பொருத்திக் கட்டிய ஒன்று. 'சூப்பர் பாண்டெரோசா' என்று அதற்குக் கேலியாக ஒரு பெயர் வேறு. ஆட்டோஃபோகஸ் கிடையாது. எடுத்தவுடன் பார்க்கத் திரை கிடையாது. ஊர் திரும்பி ஃபிலிமைக் கழுவினால்தான் விழுந்ததா, விழவில்லையா என்றே தெரியும். அவர் சாக்குச் சொல்லவில்லை. நீ எதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாய்?

இன்றைக்கு உன் முன்னால் இருப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று பார். லென்ஸைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லாத சூப்பர்ஜூம் கேமராக்கள் வந்துவிட்டன. 2015ல் வந்த நிகான் பி900 ஒன்றே போதும்: 83 மடங்கு ஜூம், 2000 மி.மீ.க்குச் சமமான எட்டல், எடை 900 கிராம். 2018ல் வந்த பி1000, 3000 மி.மீ. வரை போகும், எடையும் 1.4 கிலோவுக்குப் போகும். அதே வருடம் வந்த கேனான் எஸ்எக்ஸ்70, 1365 மி.மீ. எட்டும்; 610 கிராம்தான். 2017ல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4, 600 மி.மீ.யோடு நின்றுவிடும், விலையோ லட்சத்தைத் தாண்டும்.

எண்ணைப் பார்த்து மயங்காதே! செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கரியாஹாட் சந்தையில் யாராவது மீன் வாங்குவார்களா? கேமராவின் செவுளையும் தூக்கிப் பார். உள்ளே இருக்கும் சென்சார் எவ்வளவு பெரிது? நிகானிலும் கேனானிலும் அதன் அகலம் 6 மில்லிமீட்டர் சொச்சம். சோனியில் 13 மில்லிமீட்டர். பரப்பில் நாலு மடங்கு. கடைசி வரை ஜூம் செய்தால் துளை எவ்வளவு திறக்கிறது? சோனியில் எஃப்4, பி1000ல் எஃப்8. எஃப்4ல் வரும் வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்குதான் எஃப்8ல் வரும். தூரத்தை வாங்குகிறவன் வெளிச்சத்தை விலையாகக் கொடுக்கிறான். இந்தக் கணக்கு புரிந்தவனைக் கடைக்காரர் ஏய்க்க முடியாது.

ஆகவே முதலில் உன் களத்தை முடிவு செய். ரவீந்திர சரோவர் ஏரி கரியாஹாட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். நீர்க்காகம் சிறகு விரித்துக் காயும், மடையான் கரையில் நிற்கும். திறந்த வெளி, நல்ல வெயில், எட்டாத தூரம். சின்ன சென்சாரும் நீண்ட ஜூமும் இங்கே ஜெயிக்கும்.

நரேந்திரபூர் பக்கம் சிற்பி சிந்தாமணி கர் பெயரில் ஒரு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பழைய மாந்தோப்பு, மரங்கள் அடர்ந்து பகலிலேயே மங்கலாக இருக்கும். அங்கே 3000 மி.மீ. உதவாது. பறவை பக்கத்திலேதான் இருக்கும், வெளிச்சம்தான் இருக்காது. பெரிய சென்சாரும் அகலமாகத் திறக்கும் லென்ஸும் அங்கே வேண்டும்.

பாலிகஞ்ச் ஸ்டேஷனில் கேனிங் லோக்கலைப் பிடித்தால் சுந்தரவனத்தின் வாசலுக்கே போய்விடலாம். 1987ல் உலகப் பாரம்பரியச் சின்னமான காடு அது. சேற்றுக் கரையில் இறங்க முடியாது. முதலையோ மானோ, எதையும் படகிலிருந்துதான் எடுக்க வேண்டும். இன்ஜின் அதிர்வு முக்காலி வழியாக ஏறிவரும், முக்காலியை நம்பாதே. படகுக்காரரிடம் இன்ஜினை நிறுத்தச் சொல். ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வை. சட்டென்று ஃபோகஸ் பிடிக்கும் கேமராதான் அங்கே ராஜா.

காசு போதவில்லையா? வெட்கப்படாதே! தர்மதலாவில் மெட்ரோ சினிமாவை ஒட்டிய சந்தில் பழைய கேமராக் கடைகள் இருக்கின்றன. போய்க் கையில் எடுத்துப் பார். ஜூமைக் கடைசிவரை நீட்டி மடக்கு, கரகரவென்று சத்தம் வந்தால் வைத்துவிடு. லென்ஸுக்குள் டார்ச் அடி. வெள்ளை நூல்போலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. கல்கத்தாவின் ஈரக்காற்றில் அது சுலபமாகப் பிடிக்கும். கழற்ற முடியாத லென்ஸில் புகுந்தால் துடைப்பதே பெரும்பாடு. நல்லதாகப் பார்த்து வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வை. கூடவே ஒரு பேட்டரியும் வாங்கு.

வாங்கிவிட்டால் சாதித்துவிட்டதாக எண்ணாதே, பயிற்சி இனித்தான். 2000 மி.மீ.யில் எடுத்த எடுப்பிலேயே கொம்பைத் தேடினால் வெறும் இலைதான் தெரியும். ஜூமைச் சுருக்கிப் பறவையை நடுவில் கொண்டுவா. வியூஃபைண்டரில் வைத்த கண்ணை எடுக்காமல் மெல்ல நீட்டு. முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டு. மரம் இருந்தால் சாய்ந்துகொள். பொத்தானைப் பாதி அழுத்து, ஃபோகஸ் நிற்கட்டும், பாதி மூச்சை விட்டுவிட்டு மீதியை அழுத்து. ஐஎஸ்ஓவை 800க்கு மேல் விடாதே. டிஜிட்டல் ஜூமை அணைத்துப் போடு, அது இருப்பதையே வெட்டி ஊதிக் காட்டும் வேலை. உச்சி வெயிலில் தூரத்துப் பறவை நெளிந்து தெரிந்தால் கேமராவைத் திட்டாதே, சூடான காற்று அலைகிறது. காலையில் வா! காலமறிதலுக்கு வள்ளுவர் காட்டிய ஆசான் கொக்கு. அந்த ஆசான் ஏரிக்கரையில் உனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

ஒரு கட்டளையும் உண்டு. கூட்டின் பக்கம் போகாதே. பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு ஏமாற்றி வரவழைக்காதே. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கும் மேலே உன் மானம் இருக்கிறது. நீண்ட ஜூம் எதற்கு? விலங்கு தன் போக்கில் வாழட்டும், நாம் எட்ட நின்று எடுப்போம் என்பதற்கு. அந்த மரியாதை தெரிந்தவன் கையில் இருக்கும் சாதாரணக் கேமராவும் பெருமைப்படும்.

உனக்குக் கை இருக்கிறது, கண் இருக்கிறது, கரியாஹாட்டுக்குப் பக்கத்திலேயே ஏரி இருக்கிறது. வெண்மார்பு மீன்கொத்தி இந்த மாநிலத்தின் பறவை. அதைப் பார்க்க டிக்கெட்டோ சிபாரிசோ தேவையில்லை. உன் தோள் தாங்குகிற எடையில், உன் பை தாங்குகிற விலையில், உன் களத்துக்குப் பொருந்துகிற ஒரு கேமராவை இந்த மாதமே முடிவு செய். பத்து விமர்சனம் படித்தாயா, போதும். பதினோராவதைப் படிப்பவன் பயந்தவன். முதல் நூறு படம் ஆடும், அடுத்த நூறு மங்கும். ஆடட்டும், மங்கட்டும்! அழித்துவிட்டு மறுபடி எடு. கோடையில் இந்த ஊரில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும். நாலரைக்கு அலாரம் வை. அடித்ததும் அதை அணைத்துவிட்டுப் புரண்டு படுப்பவன் யாரோ, அவன் நீ இல்லை என்று காட்டு. கிளம்பு!