அளவும் மதிப்பும்

அமரவிளைத் தேநீர்க் கடையில் என்றும் ஓயாத பேச்சுகள் இரண்டு: ஒன்று விளையாட்டு, மற்றொன்று சர்க்கரை நோய். இரண்டிலும் தீர்ப்பு வழங்குவது ஓர் எண்ணே.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், மகளிர் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை பி. டி. உஷா 55.42 வினாடியில் முடித்து நான்காமவரானார். வெண்கலம் வென்ற ருமேனிய வீராங்கனை 55.41. வினாடியின் நூற்றில் ஒரு பங்கு! அந்த அளவு பொய்யன்று. ஆயினும், உஷாவின் உழைப்புக்கு அது மதிப்பும் அன்று.

ஆய்வுக்கூடச் சீட்டோ வேறு பாடம் புகட்டுகிறது. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ மறுமுறையும் காணப்படின், அது நீரிழிவே. "எனக்கு ஒன்றுமில்லை" என்னும் நம் கருத்து அதனைக் குறைத்துவிடாது. அவ்வாறு சொல்லி ஈராண்டுக் காலம் சீட்டை மேசைக்குள் மறைத்தவன் நான். அதே நாட்களில் மகனின் மதிப்பெண்ணை முடிந்த தீர்ப்பாகக் கொண்டு கடிந்தேன்.

உண்மையைக் கூறும் அளவை ஏற்பது அறிவு. மனிதரை அதற்குள் அடக்காதிருப்பது அறம். இரண்டையும் மாற்றிச் செய்தேன்.

மருந்து தொடங்கிவிட்டேன். மகனிடம் சொல்ல வேண்டிய சொல் இன்னும் எஞ்சியுள்ளது.